மாற்றுச் சொல் இல்லாத சொல்

ஒருமுறை என் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை. ஒளிந்து வாழ வேண்டிய குற்றம் எதையும் நான் செய்திருக்கவும் இல்லை. என் பெயர் என் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஐந்து நாள் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு அனுப்பினார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் மலர்ந்த முகத்தோடு, “ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளலாம்” என்றார். எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். முதல் ஆள் வாயைத் திறந்ததுமே நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒன்பது, எட்டு, ஏழு. அவர்கள் சொன்ன பெயர்களில் ஒன்றுகூட என் காதில் ஏறவில்லை. நான்கு பேர் மிச்சம் இருந்தபோது உள்ளங்கை ஈரமாகிவிட்டது. இரண்டு பேர் இருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இறுகி, தொண்டைக்கு ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. என் முறை வந்தது. உதடுகளைச் சேர்த்தேன். சேர்ந்த உதடுகள் பிரியவில்லை. இரண்டு நொடி. மூன்று நொடி. பயிற்சியாளரின் முகமலர்ச்சி மெல்லக் கலையத் தொடங்கியதைப் பார்த்தேன். அப்போது என் வாய் ஒரு பெயரைச் சொன்னது. உயிரெழுத்தில் தொடங்குகிற, எனக்குச் சொந்தமில்லாத ஒரு பெயர். அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தண்ணீர் போல வந்தது.

ஐந்து நாளும் அந்தப் பெயரோடு இருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனிதர். இடைவேளைகளில் தன் வீட்டுக் கதையெல்லாம் என்னிடம் சொன்னார். மூன்றாம் நாளே என் தொலைபேசி எண்ணை வாங்கி, அந்தப் பெயரில் குறித்துக்கொண்டார். கடைசி நாள் சான்றிதழ் கொடுக்கும்போது பதிவேட்டில் இருந்த பெயரைப் படித்தார்கள். நான் எழுந்து போனேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் என் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்து, “இது உங்கள் பெயரா? அப்படியானால் அது யார்?” என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். “அது வீட்டில் கூப்பிடுகிற பெயர்” என்றேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். அவர் நெகிழ்ந்துபோய்விட்டார். வீட்டுப் பெயரைச் சொல்லிப் பழகும் அளவுக்கு நான் அவர்களை நெருக்கமாக நினைத்திருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அந்தப் பெயரை விளித்து எனக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வாழ்த்துகளைப் படிக்கும்போதெல்லாம் யாருடைய கடிதத்தையோ பிரித்துப் படித்துவிட்டதைப் போல இருக்கும்.

நான் திக்குவாய்க்காரன். இந்தச் சொல்லை எழுதவே எனக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

திக்கல் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். அது ஒரு வகை. ஓர் ஒலியை விடமுடியாமல் இழுத்துக்கொண்டே போவது இன்னொரு வகை. மூன்றாவது அடைப்பு. அடைப்பில் சத்தமே இருக்காது. வாய் தயாராக இருக்கும், மூச்சு நின்றிருக்கும், சொல் எதுவென்று துல்லியமாகத் தெரிந்திருக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது. எதிரில் இருப்பவர் பார்ப்பது வெறும் மௌனம். எனக்கு வாய்த்தது இந்த மூன்றாவது.

என் பெயர் பகரத்தில் தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலைக் கல்லூரியில் முதன்முதலாகப் படித்தபோது நான் அடைந்த கிளர்ச்சியை வேறு எந்த மாணவனும் அடைந்திருக்க வழியில்லை. உந்தியிலிருந்து காற்று எழுந்து, தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைத்து, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு கூடி எழுத்தாகப் பிறக்கிறது என்று அந்த இயல் தொடங்கும். காற்று கடந்து வருகிற வழி முழுவதையும் அந்தப் புலவர் அறிந்திருந்தார். அந்த வழியில் எந்த இடத்தில் எனக்குக் கதவு சாத்தப்படுகிறது என்று நானும் அறிந்திருந்தேன். ‘இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்’ என்கிற நூற்பாவை அடிக்கோடிட்டு வைத்தேன். எனக்கும் இதழ் இயைகிறது. பிறப்புத்தான் நிகழ்வதில்லை. வல்லினம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? க, த, ப மூன்றும் வாய்க்குள் காற்றை முழுதாக அடைத்து, பிறகு திறந்துவிட்டால்தான் ஒலிக்கும். என் வாய் அடைப்பதில் குறை வைக்காது.

வயது வந்தவர்களில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்குத் திக்கல் இருக்கிறது. பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில், குழந்தை சொற்களைச் சேர்த்து வாக்கியமாக்கத் தொடங்கும் காலத்தில் அது தலைகாட்டும். அப்படித் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகிவிடும். எஞ்சியவர்களில் ஆண்கள் அதிகம், நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவில். குடும்பவழியாக வருவதுண்டு. 2010ஆம் ஆண்டில் திக்கலோடு தொடர்புடைய சில மரபணு மாற்றங்களையே ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அம்மா இதையெல்லாம் அறிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் தன்னைத்தானே நொந்துகொள்ளாமல் தூங்கியிருப்பார். எதையோ பார்த்துப் பயந்துவிட்டேன், அல்லது அவர் என்னை எப்போதோ அதட்டிவிட்டார், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது ஒன்று உண்டு. திக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பாடும்போது திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போது திக்குவதில்லை. தனியாக ஓர் அறையில் யாரும் கேட்கவில்லை என்ற உறுதியோடு பேசும்போதும் திக்குவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டால் என் பெயரை நான் நூறு தடவை சொல்வேன். ஒருமுறையும் இடறாது. நாக்கிலோ உதட்டிலோ குறை இருந்தால் இது எப்படி நடக்கும்? கேட்பதற்கு இன்னொருவர் வேண்டும், அப்போதுதான் அது வரும்.

இளமையில் இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சாத்திய கதவுக்குள் தடையில்லாமல் பேசுகிறவன்தான் உண்மையான நான், வெளியே திக்குகிறவன் என்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் வேறு யாரோ. அவனை இறக்கிவிட்டால் நான் கிடைத்துவிடுவேன். இருபது ஆண்டுகள் இந்த நம்பிக்கையோடு வாழ்ந்தேன். எல்லாமே பிறகுதான் தொடங்கும் என்று தள்ளிப்போட்டேன். திக்கல் போன பிறகு நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், திக்கல் போன பிறகு விரும்பியவளிடம் பேசலாம், திக்கல் போன பிறகு கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். வாழ்க்கை ஒரு முன்னறையில் உட்கார்ந்து காத்துக்கொண்டே இருந்தது.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் நான் பிழைத்தது ஒரே ஒரு கலையால். சொல்லை மாற்றும் கலை. திக்குகிறவர்கள் எல்லா மொழியிலும் இதைச் செய்வார்கள். தமிழ் இதற்கு வாரி வழங்குகிற மொழி. புத்தகம் என்று வராதா, நூல் என்று சொல்லலாம். தபால் வராதா, அஞ்சல். பத்திரிகைக்கு நாளிதழ், பேனாவுக்கு எழுதுகோல், பிரச்சினைக்குச் சிக்கல், காரணத்துக்கு ஏன் என்றால். வாக்கியத்தின் சொற்களை இடம் மாற்றிப் போட்டாலும் நம் மொழியில் பொருள் கெடுவதில்லை. ‘பணம் நாளைக்குத் தருகிறேன்’ என்பதன் முதற்சொல் அடைத்துக்கொண்டால் ‘நாளைக்குத் தருகிறேன் பணத்தை’ என்று தொடங்கிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் பேச்சின் நடுவில் வல்லினம் அவ்வளவாக மறிக்காது. ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியத்தின் எட்டாவது சொல்வரை பார்த்துவைத்திருப்பேன். இருட்டில் வண்டி ஓட்டுகிறவன் பள்ளங்களைப் பார்ப்பது போல.

இதன் விளைவு ஒன்றை யாரும் நம்பமாட்டார்கள். என்னைத் தனித்தமிழ்ப் பற்றாளன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நூல், அஞ்சல், எழுதுகோல் என்று பேசுகிறவனை வேறு எப்படி நினைப்பார்கள்? கல்லூரியில் தமிழ் மன்றத்தார் தேடி வந்து என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பேராசிரியர் வகுப்பிலேயே என்னை எழுப்பிப் பாராட்டினார். நான் தலைகுனிந்து நின்றேன். அடக்கம் என்று அதற்கும் பாராட்டு கிடைத்தது. என் பற்று எழுத்துகளின் மேல் எனக்கிருந்த அச்சம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எனக்குப் பிறமொழிச் சொற்கள்மேல் எந்தப் பகையும் இருந்ததில்லை. தபால் என்ற சொல் எனக்குப் பிடிக்கும். அதில் ஒரு மிதிவண்டி மணிச் சத்தம் இருக்கிறது. இருந்தும் வாழ்நாளில் ஐந்தாறு முறைக்கு மேல் அதைச் சொன்னதில்லை.

இப்படித்தான் ஒரு மனிதன் மெல்ல மெல்ல வேறொருவனாக ஆகிறான். ஒவ்வொரு மாற்றமும் சிறியது. எனக்கு நெருக்கமான ஒருவர் இறந்தபோது அவருடைய மகளிடம் ‘பெரிய இழப்பு’ என்று சொல்ல நினைத்துப் பகரம் அடைத்துக்கொள்ள, ‘சரி, வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் பார்வையில் நான் எப்படிப்பட்டவனாகத் தெரிந்திருப்பேன்? அலுவலகக் கூட்டத்தில் ஒரு திட்டத்தை ‘தவறு’ என்று சொல்ல வாயெடுத்தேன். தகரத்தில் நின்றேன். எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு ஒருவர், “தகுந்தது என்கிறீர்கள், அப்படித்தானே?” என்று முடித்துவைத்தார். நான் தலையாட்டினேன். அந்தத் திட்டம் என் ஒப்புதலோடு நிறைவேறியது. பாதியில் நிற்கும் வாக்கியத்தை அன்பினால் முடித்துவைக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து அறிந்துகொள்ள வேண்டும். நீங்கள் முடித்துவைத்தது பெரும்பாலும் எங்கள் வாக்கியம் இல்லை. மறுத்துச் சொல்ல இன்னொரு முறை அந்த மேட்டில் ஏறவேண்டும் என்பதால் ஆமாம் என்று விடுகிறோம்.

பெயரிடம் மட்டும் இந்தக் கலை பலிக்காது. புத்தகத்துக்கு நூல் உண்டு. எனக்கு நான் மட்டுந்தான். அதனால்தான் உலகெங்கும் திக்குகிறவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்கிறார்கள். கேட்கிறவருக்கோ அது விந்தையாக இருக்கிறது. ‘பெயரே மறந்துபோயிற்றா?’ என்று சிரிக்கிறார்கள்.

பள்ளியில் திருக்குறளின் சொல்வன்மை அதிகாரம் மனப்பாடப் பகுதியாக இருந்தது. வகுப்பு முழுதும் சேர்ந்து சொல்லும்போது என் குரல்தான் எல்லாவற்றையும்விட உரத்து ஒலிக்கும். சேர்ந்து சொல்லும்போது நான் சுதந்திரமானவன். ஒருநாள் ஆசிரியர் தனியாகச் சொல்லச் சொன்னார். 650ஆவது குறள். ‘இணரூழ்த்தும் நாறா’ என்பதுவரை வந்துவிட்டேன். அடுத்தது மலர். மகரமும் இதழ் இயைந்து பிறப்பதுதான். அங்கே நின்றுவிட்டேன். கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துச் சொல்லத் தெரியாதவர்கள், கொத்தாகப் பூத்தும் மணம் வீசாத மலரைப் போன்றவர்கள் என்பது அந்தக் குறளின் பொருள். அந்தக் குறளைச் சொல்லமுடியாமல் அந்தக் குறளாகவே நான் நின்றேன். வகுப்பு சிரித்தது. வள்ளுவர் என்னைத்தான் சொல்கிறார் என்று உறுதியாக நம்பினேன். பதினொரு வயது.

அதன்பின் புத்தகங்களில் என்னைப் போன்றவர்களைத் தேடத் தொடங்கினேன். முதலில் கிடைத்தது, எல்லோரும் சொல்லும் டெமஸ்தனீஸ் கதைதான். வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகி, கிரேக்கத்தின் மாபெரும் சொற்பொழிவாளர் ஆனாராம். திக்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள். நான் கூழாங்கல் போட்டுப் பார்த்தேன். ஒன்றை விழுங்கிவிட இருந்தேன். வென்றவன் கதையை மட்டுமே சொல்லி வளர்ப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. வெல்லாதவன் முயலாதவன் என்று அது சொல்லாமல் சொல்கிறது.

விவிலியத்தின் மோசே எனக்கு அதைவிட அணுக்கமாக இருந்தார். தன் மக்களை விடுவிக்கப் போ என்று இறைவன் சொல்லும்போது அவர் தயங்குகிறார். நான் வாக்குவல்லவன் அல்ல, திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் என்கிறார். கடலைப் பிளக்கப்போகிற இறைவன் அந்த நாவை மட்டும் சரிசெய்வதில்லை. அண்ணன் ஆரோனைப் பேச அனுப்புகிறார். அந்த இடம் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. வேறொருவர் வாயால் பேசினால் அது என் பேச்சாகுமா?

இந்தக் கேள்வியை வாழ்ந்து பார்த்தவர் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம். கடுமையாகத் திக்கியவர். எட்டு வயதில் தாயையும் பத்து வயதில் தந்தையையும் இழந்து, பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு பாதிரியாரான சிற்றப்பாவிடம் வந்து சேர்ந்தவர். 1908இல் அவருடைய நான்கு நாடகங்கள் லண்டனில் ஒரே நேரத்தில் மேடையேறிக்கொண்டிருந்தன. ஒவ்வோர் இரவும் நான்கு அரங்குகளில் தேர்ந்த நடிகர்கள் அவருடைய சொற்களை இடறாமல் பேசினார்கள். அத்தனை ஆரோன்கள்! ஆனால் 1915இல் அவர் தன் இளமையை ‘ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்’ என்ற நாவலாக எழுதியபோது நாயகனுக்குத் திக்கலைக் கொடுக்கவில்லை. பிறவியிலேயே வளைந்த ஒரு பாதத்தைக் கொடுத்தார். விடுதியில் மற்றச் சிறுவர்கள் கையை முறுக்கி அந்தப் பாதத்தைக் காட்டவைக்கிறார்கள். மலையையும் பெயர்க்கும் நம்பிக்கை என்று கேட்ட அந்தப் பையன், கால் சரியாக வேண்டுமென்று இரவுகளில் குளிரில் மண்டியிட்டு வேண்டுகிறான். குறித்த நாள் காலையில் விழிக்கிறான். கால் அப்படியே இருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் படித்த இரவு நான் விளக்கை அணைக்கவில்லை. நானும் நாள் குறித்து வேண்டியவன். விழித்ததும் வாயைத் திறந்து பார்க்கப் பயந்து, போர்வைக்குள் அரைமணி நேரம் கிடந்தவன். அந்தக் கால் கால் இல்லை, அது நாக்கு என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாவலின் பலம் அதில் இருக்கிறது என்று விமர்சகர்கள் சொல்லலாம். காலென்றால் எல்லோருக்கும் கண்ணில் படும், எழுதுவதற்கும் வாகு. ஆனால் எனக்கு அதில் ஒரு துயரம் தெரிகிறது. உலகப் புகழ்பெற்ற பிறகும், தன் கதையையே எழுதும்போதும், அவர் ஒரு மாற்றுச் சொல்லைத்தான் எழுதினார். நான் புத்தகத்தை நூலாக்கியது போல அவர் நாக்கைக் காலாக்கினார்.

ஜப்பானிய எழுத்தாளர் யூகியோ மிஷிமாவின் பொற்கோயில் நாவல் நேர் எதிர். 1950இல் கியோத்தோவின் பொற்கோயில் மண்டபத்தை அங்கிருந்த இளம் துறவி ஒருவர் தீவைத்து எரித்தார். அந்த நிகழ்வை வைத்து 1956இல் எழுதப்பட்டது அது. கதை சொல்பவன் திக்குகிறவன். முதல் ஒலி என்பது தன் உள்ளுலகத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே உள்ள கதவின் சாவி, அந்தச் சாவி ஒருபோதும் சரியாகத் திரும்பியதில்லை, பூட்டு துருவேறிக் கிடக்கிறது என்று அவன் சொல்கிறான். இதைவிடச் சரியாக அடைப்பை யாரும் எழுதியதாக நான் படித்ததில்லை. ஆனால் அங்கிருந்து அவன் தீக்குப் போகிறான். நான் அவனோடு அங்கே போகமறுக்கிறேன். பேசமுடியாதவன் மனம் கோணி எரிப்பவனாக ஆகிவிடுவான் என்ற கதையைப் படித்துவிட்டு நாளைக்கு என் முன்னால் ஒருவர் உட்கார்ந்தால், என் மௌனத்தில் அவர் என்ன பார்ப்பார்?

எல்லாவற்றுக்கும் மேலாக என்னோடு தங்கிவிட்டது அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லின் கதையில் வரும் பில்லி பட் என்கிற மாலுமிதான். மெல்வில் 1891இல் இறந்தபோது அந்தக் கதை கையெழுத்துப் பிரதியாகக் கிடந்தது. 1924இல்தான் அச்சேறியது. பில்லி அழகன், வெள்ளை மனத்தவன், கப்பலில் எல்லோருக்கும் பிரியமானவன். உணர்ச்சி முட்டும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். கிளாகார்ட் என்ற அதிகாரி, பில்லி கலகம் செய்யத் திட்டமிடுகிறான் என்று கப்பல் தலைவரின் அறையில் அவன் முகத்துக்கு நேரே பொய்க் குற்றம் சாட்டுகிறான். பில்லிக்கு வாய் வரவில்லை. தலைவர் வியர் இளமையில் தன்னோடு படித்த ஒரு திக்குவாய் மாணவனை நினைத்துக்கொள்கிறார். பில்லியின் தோளில் ஆதரவாகக் கைவைத்து, அவசரமில்லை, நிதானமாகச் சொல் என்கிறார். அந்தக் கனிவு நேர்மாறாக வேலை செய்கிறது. பில்லி இன்னும் முட்டுகிறான், முகம் கோணுகிறது, அடுத்த நொடி கை பாய்கிறது. ஒரே அடியில் கிளாகார்ட் இறந்துவிடுகிறான். என் நாக்கு எனக்கு உதவியிருந்தால் நான் அவனை அடித்திருக்கமாட்டேன் என்று பில்லி பின்னர் விசாரணையில் சொல்கிறான். அவனைத் தூக்கிலிடுகிறார்கள்.

‘நிதானமாகச் சொல்.’ இந்தச் சொற்களை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். கெட்ட எண்ணத்தோடு யாரும் சொன்னதில்லை. அம்மா சொன்னார், அக்கா சொன்னார், பேருந்து நடத்துநர்கள் சொன்னார்கள். சொன்ன ஒவ்வொரு முறையும் தொண்டையில் இன்னொரு தாழ் விழுந்தது. இதைத் திக்காத ஒருவருக்கு விளக்கவே முடியாது என்று நினைத்திருந்தேன். மெல்வில் அறிந்திருந்தார். கதையின் இறுதியில், கயிற்றின் கீழே நிற்கும் பில்லி, தன்னைத் தண்டித்த தலைவரை வாழ்த்தி ஒரு வாக்கியம் சொல்கிறான். அதில் திக்கல் இல்லை. அந்த இடத்தைப் பலர் புனிதம் என்பார்கள். எனக்கு அது நெஞ்சை அறுக்கிறது. தடையற்ற குரல் அவனுக்குக் கடைசி மூச்சில்தான் வந்தது. தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லவேண்டிய நேரத்தில் அவன் திக்கி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தால் போதுமாக இருந்தது. ஒரு நிமிடம். அதிகம் போனால் இரண்டு.

1939இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓர் அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம், நீங்கள் திக்குகிறீர்கள், திக்காமல் பேசமுடியாவிட்டால் பேசவே வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் திக்கல் உண்டாகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் அவர்கள் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். கூசினார்கள். பேசும் முன் வாயைக் கையால் மூடிக்கொண்ட குழந்தைகளை நான் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 2001இல், அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. திக்கல் வேறு, திக்குகிறவன் என்று ஆகிவிடுவது வேறு என்பதை அந்தக் குழந்தைகளைப் பற்றிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதலாவது என்னிடம் பிறந்தது. இரண்டாவது எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது.

முப்பத்தைந்து வயதுக்குமேல் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு பெண்மணியிடம் போனேன். திக்கலை எடுத்துவிடுவார் என்ற பழைய நம்பிக்கையோடுதான் போனேன். அவர் ஒரு தாளில் பனிப்பாறை வரைந்தார். ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர், அவரும் திக்குகிறவர், சொன்ன உவமை அது. வெளியே தெரியும் நுனிதான் திக்கல். நீருக்கடியில் கிடப்பது அச்சம், வெட்கம், ஒளிதல். “உங்களுடைய பாறையில் நுனியே தெரியவில்லை. அவ்வளவையும் நீருக்குள் அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள். கை வலிக்கவில்லையா?” என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

பிறகு அவர் கொடுத்த முதல் பயிற்சி, வேண்டுமென்றே திக்குவது. வழியில் தெரியாத ஒருவரை நிறுத்தி மணி கேட்கவேண்டும், அந்த ‘மணி’யில் நானாகவே திக்கவேண்டும். நான் மூன்று நாள் தெருவில் நின்றுவிட்டுத் திரும்பினேன். நான்காம் நாள் ஒரு முதியவரிடம் கேட்டேன். வேண்டுமென்று தொடங்கியது நடுவில் உண்மையான அடைப்பாகவே மாறிவிட்டது. அவர் காத்திருந்தார். நேரம் சொன்னார். போய்விட்டார். இவ்வளவுதானா? முப்பது ஆண்டுகள் எதற்கு அஞ்சினேனோ அது இவ்வளவுதானா? அன்று வீட்டுக்கு நடந்து வந்தபோது இன்னும் மூன்று பேரிடம் மணி கேட்டேன்.

திக்கல் போகவில்லை. இப்போது முன்னைவிட அதிகமாகத் திக்குகிறேன் என்று அக்கா வருத்தப்படுகிறார். உண்மைதான். சொல்லை மாற்றுவதை விட்டுவிட்டேன். தபால் என்று சொல்ல நினைத்தால் தபால் என்றே சொல்கிறேன், நான்கு நொடி ஆனாலும். சொல்வன்மை அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தபோது, சிறுவயதில் 650இல் மாட்டிக்கொண்ட நான் 645ஐக் கவனிக்காமல் விட்டது தெரிந்தது. ‘சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து.’ ஒரு சொல்லைச் சொல்லும் முன், அதை வெல்லும் வேறொரு சொல் இல்லை என்று அறிந்து சொல் என்கிறார். வேகமாகச் சொல், இடறாமல் சொல் என்று அந்தக் குறளில் எங்கும் இல்லை. நான் வாழ்நாள் முழுதும் தோற்கிற சொற்களைத் தேடித் தேடிச் சொல்லியிருக்கிறேன். வெல்லும் சொல் தொண்டையில் இருக்கும்போதே.

சென்ற புத்தாண்டன்றும் அந்தப் பயிற்சி வகுப்பு நண்பரின் வாழ்த்து வந்தது. பணி ஓய்வு பெற்றுவிட்டதாகவும் எழுதியிருந்தார். வழக்கமாக இரண்டு வரி பதில் எழுதுவேன். அன்று தொலைபேசியில் அழைத்தேன். அவர் எடுத்தவுடன் அந்தப் பெயரைச் சொல்லி உற்சாகமாகக் கூப்பிட்டார். நான் உதடுகளைச் சேர்த்தேன்.

தொலைபேசியில் அடைப்புக்கு முகம் கிடையாது. “ஹலோ? ஹலோ? கேட்கிறதா?” என்றார். தொடர்பு அறுந்தது என்று நினைத்து வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன். “லைன் சரியில்லை போலிருக்கிறது” என்றார். “லைன் நன்றாக இருக்கிறது. நான் திக்குவேன். கொஞ்சம் இருங்கள்” என்றேன். அந்தப் பக்கம் அமைதியானது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை யாரையோ நிறுத்தச் சொன்னது கேட்டது. அவர் நிதானமாகச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

என் பெயரைச் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. வகுப்பில் நடந்ததையும், வீட்டுப் பெயர் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அதற்கும் நேரம் ஆயிற்று. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருடமாக உங்கள் எண் அந்தப் பெயரில்தான் என்னிடம் இருக்கிறது” என்றார் கடைசியில். “மாற்றிவிடட்டுமா?”

“மாற்றுங்கள்” என்றேன். அதுவும் இதழ் இயைந்து பிறக்கும் எழுத்துத்தான். அவர் காத்திருந்தார்.